மீண்டும் கேட்டல்: தியாகராஜ பாகவதரின் இசைப்படங்களும் பார்வையாளர் ஏற்பும்

திறவுச்சொற்கள்: இசைப்படம், பார்வையாளர் ஏற்பு, ஒன்ஸ்மோர், மெய்ப்பாடு, அரையர் சேவை, பாட்டுப் புத்தகம்

முன்னுரை

தொடக்ககாலத் தமிழ்ப் பேசும்படங்களில் பாடல்கள் மிகுந்து கதை மெலிந்துவிட்டது என்னும் குறை தொடர்ந்து கூறப்பட்டு வருகிறது. கதையை மட்டுமே அளவுகோலாகக் கொள்வதால் எழும் கருத்து இது. அன்றைய பார்வையாளர் எதை நாடிக் கொட்டகைக்கு வந்தனர் என வினவினால் வேறு விடை கிடைக்கும். திருச்சிராப்பள்ளியில் வளர்ந்து நாடக மேடையேறிய எம்.கே. தியாகராஜ பாகவதரின் (1910-1959) படங்களைச் சான்றாகக் கொண்டு, அறிந்த பாடலை மீண்டும் கேட்கும் விழைவே அவ்வேற்பின் அடிப்படை என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

மேடையில் பார்வையாளர்

எப்.ஜி. நடேச ஐயரின் திருச்சி ரசிக ரஞ்சன சபா நடத்திய ‘அரிச்சந்திரா’ நாடகத்தில் லோகிதாசனாகச் சிறுவயதில் நடித்தவர் பாகவதர். அக்கால நாடகப் பார்வையாளர் ஒரு பாடல் தம்மைக் கவர்ந்தால் ‘ஒன்ஸ்மோர்’ எனக் குரல் எழுப்புவர். நடிகர் மீண்டும் பாடுவார். அதுவரை கதை காத்திருக்கும். கதை அனைவரும் அறிந்த புராணக்கதை. ஆகவே ‘அடுத்து என்ன நிகழும்’ என்பதைவிட ‘இம்முறை எவ்வாறு பாடுவார்’ என்பதே எதிர்பார்ப்பாக அமைந்தது.

இவ்வெதிர்பார்ப்பு நாடகத்திற்கு மட்டும் உரியதன்று. திருவரங்கத்தில் மார்கழித் திங்களில் நிகழும் பகல்பத்து, இராப்பத்து விழாக்களில் அரையர்கள் ஆழ்வார் பாசுரங்களைத் தாளத்துடன் இசைத்து அபிநயிக்கின்றனர். கூடியிருப்போருள் பலர் பாசுரங்களை மனப்பாடமாக அறிந்தவர்கள். அவர்களுக்குப் புதுமை பொருளில் இல்லை, நிகழ்த்துதலில் உள்ளது. வழிபாடும் கேளிக்கையும் நோக்கத்தால் வேறுபட்டவை. எனினும், அறிந்ததை மீண்டும் கேட்டு நுகரும் பயிற்சி இரண்டிற்கும் பொது. நிகழ்த்துவோன் உணர்வு காண்போரைச் சென்றடைவதே மெய்ப்பாடு எனத் தொல்காப்பிய உரைமரபு விளக்குவதும் இங்குப் பொருந்துகிறது.

திரையில் ‘ஒன்ஸ்மோர்’

மேடையில் புகழ்பெற்ற ‘பவளக்கொடி’ 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் திரைப்படமானது. மேடையில் இணைந்து நடித்த பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியுமே திரையிலும் நடித்தனர். ஏறத்தாழ 50 பாடல்கள் இடம்பெற்றன. ஆனால் திரை, பார்வையாளரின் குரலுக்குச் செவிசாய்க்காது. எனவே அவ்வேட்கை வேறு வழிகளைத் தேடியது: மீண்டும் நுழைவுச்சீட்டு வாங்குதல், இசைத்தட்டு, பாட்டுப் புத்தகம்.

இவற்றுள் பாட்டுப் புத்தகம் தனிக்கவனத்திற்குரியது. அதில் பாடல்கள் முழுமையாக அச்சிடப்படும். கதைச்சுருக்கமோ இடையில் நின்று, மீதியைத் திரையில் காணுமாறு கூறும். கதைக்கே முதன்மை இருந்தது என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டலாம். ஆயினும் அறிந்த கதையை மறைப்பது பெரும்பாலும் விளம்பர மரபே. விலைகொடுத்து வாங்கியவர் வீட்டிற்குக் கொண்டுசென்றது பாடல்களையே.

‘ஹரிதாஸ்’ காட்டும் சான்று

சுந்தர்ராவ் நட்கர்னி இயக்கிய ‘ஹரிதாஸ்’ 1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்தது. பாடல்கள் பாபநாசம் சிவனுடையவை. திருச்சியை அடுத்த பிச்சாண்டார்கோயிலைச் சேர்ந்த ஜி. இராமநாதன் இசையில் பங்களித்தார். சென்னை பிராட்வே திரையரங்கில் இப்படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. வெளியான அவ்வாண்டிலேயே இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார், 1947இல்தான் விடுதலையானார். அதாவது படம் ஓடிய காலத்தின் பெரும்பகுதியில் பாடகர் சிறையில் இருந்தார். மேடைக் கச்சேரிக்கு வழியில்லாத அந்நாளில், அவர் உருவத்தையும் குரலையும் ஒருசேரப் பெறத் திரை ஒன்றே வாய்ப்பாயிற்று. மீண்டும் மீண்டும் பார்த்தலை, மேடை ‘ஒன்ஸ்மோர்’ எடுத்த புது வடிவம் எனக் கொள்வது தகும்.

விடுதலைக்குப்பின் வெளிவந்த ‘அமரகவி’ (1952), ‘சியாமளா’ (1952) முதலியன முன்போன்ற வரவேற்பைப் பெறவில்லை. அதே 1952இல் உரையாடலால் ‘பராசக்தி’ பெருவெற்றி கண்டது. குரல் தேய்ந்ததைவிட, பார்வையாளர் செவி பாட்டிலிருந்து வசனத்திற்கு மாறியதே இதற்குரிய காரணமாகத் தோன்றுகிறது.

முடிவுரை

பீட்டில்ஸ் குழுவின் பாடல்களைக் கோத்து உருவான ‘அக்ராஸ் தி யுனிவர்ஸ்’ (2007) போன்ற படங்களிலும், பார்வையாளர் தாம் அறிந்த பாடலையே புதுச்சூழலில் தேடுகின்றனர். எனவே பாடல்மிகுதியைக் குறையெனக் கொள்ளாது, ஏற்புமுறை ஒன்றின் அடையாளமாகக் கருதுதல் வேண்டும். அதற்குரிய முதன்மைச் சான்றுகள் பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளுமே. மலிவுத்தாளில் அச்சான அப்புத்தகங்கள் பழைய தாள்கடைகளில் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவை அழியுமுன் தமிழ்த்துறைகள் அவற்றை இலக்கியச் சான்றுகளாகத் தொகுத்தால்தான், பெயர் பதியப்படாத அப்பார்வையாளரின் சுவை தமிழிலக்கிய வரலாற்றில் இடம்பெறும்.