ஊடாட்டப் பனுவல் ஆக்கமும் இணையவழிப் பயிற்றலும்

முன்னுரை

ஆசிரியர் வகுத்த வரிசையிற் படிக்கப்படுவது அச்சு நூலின் இயல்பு. அடுத்து எங்குச் செல்வது என்பதைப் படிப்பவரே தெரிந்தெடுக்குமாறு கணினியில் அமைந்த எழுத்தை ஊடாட்டப் பனுவல் எனலாம். இதனை ஆக்கும் திறனைக் கல்லூரி மாணவர்க்கு இணையவழியிற் பயிற்றுங்கால் முதன்மை பெறவேண்டியது கருவியா, படிப்பவரா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

இணைப்புகளாற் கிளைத்துச் செல்லும் எழுத்துக்கு 'ஹைபர்டெக்ஸ்ட்' என்னும் பெயரை 1965 இல் வழங்கியவர் டெட் நெல்சன். தமிழில் இதனை மீயுரை என்பர். மைக்கேல் ஜாய்ஸ் 1987 இல் படைத்த 'ஆஃப்டர்நூன்' இவ்வகைப் புனைகதைகளுள் முன்னோடியானது. அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் நாவலாசிரியர் ராபர்ட் கூவர் மீயுரைப் புனைகதைக்கெனப் பயிற்சி வகுப்பு நடத்தி, அதுபற்றி 1992 இல் கட்டுரையும் எழுதினார். 2009 இல் கிறிஸ் கிளைமஸ் உருவாக்கிய 'ட்வைன்' என்னும் இலவச மென்பொருள், நிரல் எழுத அறியாதார்க்கும் இத்துறையின் வாயிலைத் திறந்தது. அதில் ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டால் அது இணைப்பாகிவிடும். பகுதிகள் கட்டங்களாகவும் இணைப்புகள் அம்புக்குறிகளாகவும் வரைபடம்போல் திரையில் தோன்றும். தமிழிலும் எழுதலாம்.

கிளைகளின் கணக்கு

மாணவர் முதலில் உணரவேண்டியது ஓர் எளிய கணக்கு. ஒவ்வொரு படியிலும் இரு வழிகள் பிரிந்து, அவை மீண்டும் கூடாவிடின், பத்தாம் படியில் 1024 முடிவுகள் எழுதவேண்டிவரும். ஆகவே, பிரிந்த வழிகள் ஓரிடத்திற் கூடவேண்டும். கூடிய பின்னரும் முன்னைய தெரிவின் விளைவு மறையாதிருத்தல் வேண்டும். கதைமாந்தன் திறவுகோலை எடுத்தானா, இல்லையா என்பதைக் கணினி 'மாறி' ஒன்றில் நினைவிற்கொண்டு, பின்வரும் பகுதியை அதற்கேற்பக் காட்டும். எதைத் தெரிந்தாலும் ஒன்றே நிகழுமாயின், படிப்பவருக்கு அளித்த உரிமை வெறும் பெயரளவினதே.

பயிற்றுமுறை

இணையவழி வகுப்பில் மாணவரின் முகக்குறிப்பை ஆசிரியர் முழுதும் காணவியலாது. எனினும், இக்குறையையே பயனாக்கலாம். ஒருவர் ஆக்கிய பனுவலை மற்றொருவர் திரைப்பகிர்வில் வாய்விட்டுப் படிக்கட்டும். ஆக்கியவர் விளக்கம் கூறாது, அவர் தயங்கிய இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளட்டும். அருகிருந்து விளக்க ஆசிரியர் இல்லாத நிலையிலேயே பனுவல் படிக்கப்படும் என்பதை இப்பயிற்சி உணர்த்தும். மதிப்பீட்டின்போது நடையோடு வரைபடத்தையும் நோக்குதல் நன்று. எவ்வழியாலும் அடையவியலாத பகுதிகள் அதிற் புலப்படும்.

நிலைபேறு

கருவிகள் நிலையானவை அல்ல. ஊடாட்டப் படைப்புகள் பலவற்றைத் தாங்கிநின்ற 'ஃபிளாஷ்' மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 உடன் முடிந்தது. பின்னர் உலாவிகள் அவற்றைத் திறக்க மறுத்தன. பாதுகாப்போர் முயற்சியால் ஒரு பகுதியே மீண்டும் இயங்குகிறது. ஆகவே, முடிந்த படைப்போடு அதன் எழுத்துப் பகுதிகளையும் வரைபடத்தையும் தனியே சேமித்து ஒப்படைப்பதைப் பாடத்தின் ஒரு கடமையாகவே விதித்தல் வேண்டும்.

முடிவுரை

கருவியை மட்டும் கற்பித்தால் அக்கல்வி கருவியோடு மறையும். தமக்குப் பின்னும் ஒருவர் படிப்பார், அவர் வேறுவழியிற் செல்லக்கூடும் என்னும் பொறுப்புணர்வைக் கற்பித்தால், அது எத்தனை மென்பொருள் மாறினும் நிலைக்கும். இவ்வுணர்வை ஊட்டுவதே இப்பாடத்தை நடத்தும் ஆசிரியரின் தலையாய பணியாகும்.