உங்கள் இணையதளக் கணக்கில் நீங்களும் ஒரு பார்வையாளரா?

சொந்தமாக இணையதளம் வைத்திருப்பவர்கள் தினமும் ஆவலோடு பார்ப்பது, 'நேற்று எத்தனை பேர் வந்தார்கள்?' என்ற கணக்கைத்தான். அதில் நாமே பாதிப்பேராக இருந்தால் என்ன செய்வது? பெரிய தளங்களில் இது தெரியாது. நாளைக்கு முப்பது, நாற்பது பேர் வரும் சிறிய தளத்தில் கணக்கே தலைகீழாகிவிடும்.

பவானியில் ஜமக்காளம் விற்கும் என் உறவினர் ஒருவர், தளத்துக்குக் கூட்டம் கூடுவதால் விளம்பரத்துக்கு இன்னும் பணம் போடலாமா என்று கேட்டார். கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். பக்கப் பார்வைகளில் பெரும்பகுதி அவர் ஊரிலிருந்தே, அதுவும் அவர் விலை மாற்றிய நாட்களில் வந்திருந்தது. விளம்பரத்தை அப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொன்னேன்.

கூகுள் அனலிட்டிக்ஸ் எப்படி எண்ணுகிறது? பக்கத்தில் உள்ள ஸ்கிரிப்ட், உங்கள் பிரவுசரில் ஒரு குக்கியை வைத்து, வருகைத் தகவலை கூகுளுக்கு அனுப்புகிறது. ஒரே பிரவுசரில் பத்து முறை திறந்தால் ஆள் ஒருவர்தான். ஆனால் பக்கப் பார்வை பத்து. அதையே போனிலும் திறந்தால் இன்னொரு ஆளாகவும் எண்ணப்படும்.

பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே அனலிட்டிக்ஸ் 4-இல் செய்யும் முறையைப் பார்ப்போம்.

1. அட்மின் பகுதியில் டேட்டா ஸ்ட்ரீம்ஸ் சென்று, உங்கள் தளத்தைத் தேர்வு செய்யுங்கள்.

2. கான்ஃபிகர் டேக் செட்டிங்ஸ் கிளிக் செய்து, ஷோ ஆல் கொடுங்கள். டிஃபைன் இன்டர்னல் டிராஃபிக் என்பதைத் திறந்து, கிரியேட் அழுத்துங்கள்.

3. விதிக்கு ஒரு பெயர் கொடுத்து, உங்கள் ஐபி முகவரியை டைப் செய்து சேமியுங்கள். முகவரி தெரியாவிட்டால், அதைக் காட்டும் லிங்க் அங்கேயே இருக்கிறது.

4. பலரும் இத்துடன் விட்டுவிடுகிறார்கள். இதுவரை செய்தது அடையாளம் காட்டுவது மட்டுமே. மீண்டும் அட்மின் சென்று, டேட்டா ஃபில்டர்ஸ் பகுதியில் இன்டர்னல் டிராஃபிக் என்பதைத் திறங்கள். அது டெஸ்டிங் நிலையில் இருக்கும். சில நாட்கள் அப்படியே விட்டு, சரியாகப் பிரிக்கிறதா என்று பார்த்த பிறகு ஆக்டிவ் நிலைக்கு மாற்றுங்கள். மாற்றம் முழுமையாக நடைமுறைக்கு வர ஒன்றரை நாள் வரை ஆகலாம்.

அவசரப்பட்டு ஆக்டிவ் கொடுக்காதீர்கள். ஃபில்டர் தள்ளிவிட்ட தகவலைத் திரும்பப் பெற முடியாது. தவறான முகவரியைக் கொடுத்திருந்தால் உண்மையான வாடிக்கையாளரின் வருகையும் போய்விடும்.

வீட்டு இணைப்பில் ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான பிராட்பேண்ட், மொபைல் இணைப்புகளில் ஐபி முகவரி அடிக்கடி மாறும். ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வதும் உண்டு. நிலையான ஐபி வாங்கியிருக்கும் அலுவலகத்துக்குத்தான் மேலே சொன்ன முறை முழுமையாகப் பொருந்தும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு எளிய வழி, கூகுள் இலவசமாகத் தரும் அனலிட்டிக்ஸ் ஆப்ட்-அவுட் என்ற ஆட்-ஆன். இதை பிரவுசரில் நிறுவிவிட்டால், ஐபி மாறினாலும் உங்கள் வருகை அனலிட்டிக்ஸ் கணக்கில் சேராது. நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு பிரவுசரிலும் இதைத் தனித்தனியாக நிறுவ வேண்டும். சர்வர் பதிவுகளை வைத்து எண்ணும் ஏடபிள்யூஸ்டாட்ஸ் போன்றவற்றை இது கட்டுப்படுத்தாது.

தளத்தை பிளாகரில் வைத்திருப்பவர்களுக்கு, புள்ளிவிவரப் பக்கத்திலேயே சொந்தப் பார்வைகளை எண்ணாமல் இருக்க வசதி உள்ளது. அது குக்கி மூலம் வேலை செய்வதால், குக்கிகளை அழித்தால் மறுபடியும் அமைக்க வேண்டும்.

இந்த மாற்றங்கள் பழைய கணக்கைத் திருத்தாது. எனவே ஃபில்டர் போட்ட தேதியைக் குறித்து வையுங்கள். அன்றிலிருந்து எண்ணிக்கை சரிந்தால் பயப்பட வேண்டாம். குறைந்தது உங்கள் சொந்த வருகையாக இருக்கலாம். அந்தத் தேதிக்குப் பின் வரும் எண்களை மட்டும் ஒப்பிட்டு, விளம்பரச் செலவை முடிவு செய்யுங்கள்.