பெரியவங்களுக்கும் பாடம் சொல்லலாம்



ஆசிரியை ஆவதே என் லட்சியம். அதற்கு வழி: பிளஸ் டூ, பட்டப்படிப்பு, பிறகு 2 ஆண்டு பி.எட். அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் ஆக டெட் தேர்வின் 2-ஆம் தாளில் தேறணும். மொத்தம் 150 கேள்விகள். பிளஸ் டூவுக்கு நடத்த முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும்.

ஆனால் பட்டம் மட்டும் போதாது. அதை என் அம்மச்சியிடம் படித்தேன். கைநாட்டு வைக்கிறவங்க. 'அ, ஆ சொல்லுங்க' என்று அதட்டினேன். "நான் என்ன சின்னப்பிள்ளையா மக்களே?" என்று சிலேட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாங்க. எனக்கு அழுகை வந்தது. மறுநாள் மன்னிப்புக் கேட்டு, அவங்க பெயரையே எழுதிக் காட்டினேன். பத்து நாளில் கையெழுத்துப் போட்டாங்க!

1991-இல் தொடங்கிய புதுக்கோட்டை அறிவொளி இயக்கமும் இப்படித்தான். எழுத்தோடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. பெரியவங்களுக்குத் தேவையானதில் தொடங்கணும், மரியாதை குறையக் கூடாது. நம்ம வயசுப் பிள்ளைகளுக்கும் அதுதானே? எல்லார் முன்னாலும் திட்டினால் பாடம் மண்டையில் ஏறுமா?

உங்க வீட்டில் யாராவது கைநாட்டு வைக்கிறாங்களா? இன்றைக்கே அவங்க பெயரில் தொடங்குங்க. ஆசிரியர் பயிற்சி அங்கேயே ஆரம்பம்!


– 9-ஆம் வகுப்பு மாணவி, திற்பரப்பு