வீட்டுப் பட்டறையில் ஒரு டிவைடிங் ஹெட்

பஞ்சாபில் பட்டாலா, லூதியானா, குஜராத்தில் ராஜ்கோட், மேற்கு வங்கத்தில் ஹவுரா ஆகிய நகரங்களில், வீட்டோடு சேர்ந்த கொட்டகையிலேயே ஒரு லேத்தையும் ஒரு துளையிடும் எந்திரத்தையும் வைத்துத் தொழில் நடத்தும் குடும்பங்கள் பல உண்டு. இத்தகைய பட்டறைகளை ஆராய்வோர் முதலீடு எவ்வளவு, விற்றுமுதல் எவ்வளவு என்று கேட்பர். எவ்வளவு நுட்பமாக அளந்து வெட்ட முடியும் என்று கேட்பவர் குறைவு. ஆனால் சாதாரண பழுதுபார்ப்புக் கூலியிலிருந்து உதிரிபாக உற்பத்திக்கு ஒரு பட்டறை உயருமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இக்கேள்வியே ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நம் நாட்டில் மெட்ரிக் அளவைகள் 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. ஆயினும் அங்குலக் கணக்கில் அமைந்த லீட் ஸ்குரூ உள்ள பழைய லேத்துகள் மறைந்துவிடவில்லை. அவற்றில் மில்லிமீட்டர் மரையைப் பிழையின்றி வெட்ட 127 பற்கள் கொண்ட மாற்றுச் சக்கரம் தேவை. ஏனெனில் 5 அங்குலம் என்பது சரியாக 127 மில்லிமீட்டர். 63 பற்கள் கொண்ட சக்கரத்தைக் கொண்டும் ஒப்பேற்றலாம். அதனால் 100 மி.மீ. நீளத்தில் விளையும் பிழை சுமார் 0.0125 மி.மீ. மட்டுமே. சாதாரண போல்ட்டுக்கு இது போதும், வீண் செலவு வேண்டியதில்லை. அளவுக் கருவிக்கோ, மற்றோர் எந்திரத்தின் திருகுத் தண்டுக்கோ இது போதாது.

127 பற்களைச் சம இடைவெளியில் வெட்டத் தேவைப்படும் துணைக்கருவியே டிவைடிங் ஹெட். இதன் சுழல்தண்டில் 40 பற்கள் கொண்ட வார்ம் சக்கரம் பொருத்தப்பட்டிருக்கும். கைப்பிடியை 40 முறை சுற்றினால் சுழல்தண்டு ஒரு முறை சுற்றும். எத்தனை பற்கள் வேண்டுமோ அந்த எண்ணால் 40-ஐ வகுத்தால், ஒவ்வொரு பல்லுக்கும் கைப்பிடியை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது கிடைக்கும். 28 பற்களுக்கு ஒரு முழுச் சுற்றும், 21 துளைகள் உள்ள வட்டத்தில் மேலும் 9 துளைகளும் திருப்ப வேண்டும். 127 பகா எண்ணாதலால் அதற்கு 127 துளைகள் உள்ள வட்டமே வேண்டும். கடையில் கிடைக்கும் வழக்கமான துளைத் தகடுகளில் அவ்வட்டம் இராது.

கருவியின் உடற்பகுதியை வார்ப்பிரும்பில் வார்த்து, அதை லேத்தின் நகர்பகுதி மீதே இறுகப் பூட்டி, இரு மையங்களுக்கிடையே சுழலும் தண்டில் வெட்டுளியைச் செருகித் துளையைக் குடைவது வழக்கம். அவ்வாறு செய்தால் துளை லேத்தின் படுகைக்கு இணையாக அமையும். தனியாக அளந்து பொருத்த வேண்டிய தொல்லை குறையும்.

துளைத் தகட்டை அமைக்கும் முறை இன்னும் சுவையானது. 635 மி.மீ. நீளமுள்ள மெல்லிய எஃகுப் பட்டையில் 5 மி.மீ.க்கு ஒன்றாகக் கோடிட்டால் 127 பிரிவுகள் கிடைக்கும். ஏறத்தாழ 202 மி.மீ. விட்டமுள்ள வட்டத் தகட்டைச் சிறிது சிறிதாகக் கடைந்து, பட்டையின் இரு முனைகளும் சரியாகச் சந்திக்கும்படி அதன் விளிம்பில் சுற்ற வேண்டும். பின் அக்கோடுகளுக்கு நேராக 190 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் துளைகள் இடப்படும். கையால் செய்யும் வேலையாதலால் ஒரு துளை 0.3 மி.மீ. விலகியிருக்கலாம். ஆனால் வார்ம் அப்பிழையை நாற்பதில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது. 1.5 மாட்யூல் அளவில் வெட்டப்படும் 127 பல் சக்கரத்தின் விட்டமும் ஏறக்குறைய 190 மி.மீ. ஆதலால், அதில் விழும் பிழை 0.0075 மி.மீ. மட்டுமே. இக்கருவியைக் கொண்டே இரண்டாவது தகட்டைத் துளையிட்டால், முதல் தகட்டின் பிழைகள் அதில் அநேகமாக மறைந்துவிடும். செலவானது உழைப்பும் பொறுமையும், மூலதனமன்று.

கைப்பிடியை எப்போதும் ஒரே திசையில் திருப்ப வேண்டும். இல்லையேல் பற்களுக்கிடையே உள்ள தளர்வு கணக்கைக் கெடுக்கும். 40 துளைகளை ஒவ்வொரு முறையும் வாய்விட்டு எண்ணுவதும் ஆபத்தே. நூறாவது பல்லில் ஒரு துளை தவறினாலும் சக்கரம் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். இதற்காகவே தகட்டின் மீது இரு கரங்கள் வைத்து எல்லை குறிக்கப்படுகிறது.

எனினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. துளைத் தகட்டின் பிழை குறைகிறதே ஒழிய, வார்ம் சக்கரத்தின் பிழை சிறிதும் குறையாமல் வேலைப்பொருளுக்குச் சென்றுவிடுகிறது. டாப்பைக் கொண்டே வார்ம் சக்கரத்தை வெட்டிக்கொள்வாரும் உளர். அது சுழலும், ஆனால் நம்பத்தக்கதன்று. கருவி முழுவதிலும் பட்டறைக்கு வெளியிலிருந்து கட்டாயம் வர வேண்டியவை இரண்டே: செம்மையாக வெட்டப்பட்ட வார்ம் இணை ஒன்று, அளந்து சரிபார்க்கும் வசதி மற்றொன்று.

பொதுத்துறை உதவி வேண்டியது இவ்விடத்தில்தான். 1955-இல் நிறுவப்பட்ட தேசியச் சிறுதொழில் கழகம் எந்திரங்களைத் தவணை முறையில் வழங்கிச் சிறுதொழிலுக்குப் பெருந்துணை புரிந்தது. ஆனால் விலைப்பட்டியல் உள்ள முழு எந்திரத்திற்கே கடன் என்னும் எண்ணம் நிலைத்துவிட்டால், பட்டறைக்காரர் தம் கையால் செய்த கருவி எந்தக் கணக்கிலும் சொத்தாக ஏறாது. லூதியானா, அகமதாபாத், ஜாம்ஷெட்பூர், புவனேஸ்வர் ஆகிய இடங்களில் மத்திய அரசின் கருவி அறைகள் உள்ளன. அவை வார்ம் இணைகளைத் தொகுதியாக வெட்டி அடக்க விலைக்குக் கொடுப்பதும், பட்டறையில் செய்த துணைக்கருவியைச் சோதித்துப் பிழை அளவைக் குறித்த சான்று வழங்குவதும் பெரும் நிதி கோரும் திட்டங்கள் அல்ல. அச்சான்று கையில் இருப்பின், கடன் விண்ணப்பத்தை ஆராயும் அதிகாரி அக்கருவிக்கு ஒரு மதிப்பைக் குறிக்க இயலும். உதிரிபாகம் வாங்கும் தொழிற்சாலையும் எதை நம்பி ஆணை கொடுப்பது என்று தயங்க வேண்டியிராது.