வெயிலும் மழையும் மாறுது, கொசு மட்டும் சும்மா இருக்குமா?



"எங்க காலத்துல இப்படி ஒரு வெயில் அடிச்சதில்லை" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் சொல்வது சரிதான். 1901 முதல் 2018 வரை நம் நாட்டின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி கூடியிருக்கிறது என்று வானிலை அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். "ஒரு டிகிரிகூட இல்லையே, இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்கலாம். நமக்குத் தெரியாமல் போகலாம், கொசுவுக்குத் தெரியும்.

கொசுவுக்கு நம்மைப்போலச் சொந்தமாக உடல்சூடு கிடையாது. சுற்றியுள்ள சூடுதான் அதன் உடம்புச் சூடு. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் முட்டை பொரிந்து, புழுவாகி, ஏழெட்டு நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். குளிர்காலத்தில் இதற்கே இரண்டு வாரத்துக்கு மேல்கூட ஆகும்.

இன்னொன்றும் உண்டு. டெங்கு காய்ச்சல்காரரைக் கடித்த கொசு உடனே அடுத்தவருக்கு நோயைக் கொடுத்துவிட முடியாது. கிருமி அதன் வயிற்றில் பெருகி எச்சிலுக்கு வந்து சேர வேண்டும். 1987-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 30 டிகிரி சூட்டில் இதற்கு 12 நாள் ஆனது. 32 முதல் 35 டிகிரியில் 7 நாளே போதுமாக இருந்தது. கொசுவின் ஆயுளே சில வாரந்தான். காத்திருக்கும் நாள் குறைந்தால், சாவதற்கு முன் கடித்து நோயைப் பரப்பும் கொசுக்கள் கூடிவிடும்.

அதற்காக வெயில் ஏற ஏறக் கொசு பெருகிக்கொண்டே போகும் என்றும் இல்லை. கத்திரி வெயிலில் வெட்டவெளியில் கொசு தாங்காது. ஆனால் டெங்குக் கொசு வெளியிலா இருக்கிறது? கட்டிலுக்கு அடியில், கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னால், நிழலாகப் பார்த்து நம்மோடு குடியிருக்கிறது.

குளிர் காத்த ஊர்களுக்கும் இப்போது நிம்மதி இல்லை. இமயமலை நாடான நேபாளத்தில் 2004-ல்தான் முதன்முதலாக டெங்கு கண்டறியப்பட்டது. 2022-ல், சுமார் 1,400 மீட்டர் உயரத்திலுள்ள காத்மாண்டு நகரம் உள்பட அந்த நாட்டில் 50,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. ஊர் பெருத்ததும் போக்குவரத்து கூடியதும் ஒரு காரணம். வெப்பமும் துணை போனது.

"மழை பெய்தால்தானே கொசு?" என்று நினைக்காதீர்கள். மழை பொய்த்து, குழாயில் நாலு நாளைக்கு ஒருதரம் தண்ணீர் வந்தால் என்ன செய்கிறோம்? குடம், அண்டா, டிரம், சிமெண்டுத் தொட்டி எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறோம். வேறு வழியும் இல்லை. டெங்குக் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை, இந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. பருவம் தப்பி விட்டு விட்டு மழை பெய்தாலோ கொட்டாங்கச்சி, பழைய டயர், ஆட்டுக்கல் குழி எல்லாம் அதற்குத் தொட்டிகள்தான்.

அதன் முட்டை கறுப்பாக, மிகச் சிறிதாக, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்பக்கம் ஒட்டியிருக்கும். தண்ணீர் வற்றிக் காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். ஆகையால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேங்காய் நாரால் உட்பக்கத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும். வாரம் ஒருநாள், வீடு கழுவுகிற நாளோடு சேர்த்துச் செய்யலாம். பத்து நாளைக்கு ஒருதரம் என்றால் கொசு முந்திக்கொள்ளும். மறுபடி தண்ணீர் பிடித்ததும் துணியால் இறுக்கி மூடிக் கட்டுங்கள்.

இதைப் பெண்கள் வேலை என்று விட்டுவிடாதீர்கள், ஐயா. டிரம்மைச் சாய்ப்பது ஒருத்தியால் ஆகிற காரியமா? மனைவி முழுகாமல் இருந்தால் இது முழுக்க உங்கள் பொறுப்பு. கர்ப்பிணிக்கு டெங்கு வந்தால் ரத்தப்போக்கும் குறைமாதப் பிரசவமும் ஏற்படலாம். பிரசவ சமயத்தில் வந்தால் குழந்தைக்கும் தொற்றலாம். இந்தக் கொசு பகலில் கடிப்பது. பகலில் படுத்தாலும் தாய்க்கும் பிள்ளைக்கும் கொசுவலை வேண்டும்.

கர்ப்பிணிக்கோ கைக்குழந்தைக்கோ காய்ச்சல் கண்டால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். கடையில் கேட்டு ஆஸ்பிரின், புரூபன் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள், ரத்தக்கசிவு கூடும். நிலவேம்புக் கஷாயம் கொடுத்தாச்சு என்று வீட்டிலேயே இருந்துவிடவும் வேண்டாம். கஞ்சி, இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் அடிக்கடி கொடுங்கள்.

காய்ச்சல் விட்டதும் "சரியாப் போச்சு" என்று பலர் வயலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். டெங்குவில் ஆபத்தான நேரமே அதுதான். காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு நாள் கூடவே இருந்து பாருங்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், கைகால் சில்லிடுதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும், ராத்திரி ஆச்சே, விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.