லண்டனில் ஈபிசி மதிப்பீட்டாளர் ஆக வேண்டுமா?

இந்த வேலைக்குப் பட்டம் தேவையில்லை. கட்டடத் துறையில் முன் அனுபவமும் கட்டாயமில்லை. நாள் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கத் தெம்பு வேண்டும். ஏணியில் ஏறி இருட்டான பரணுக்குள் தலையை நீட்டப் பயம் இருக்கக் கூடாது. அளந்ததை அளந்தபடி எழுதும் பொறுமையும், கார் ஓட்டும் உரிமமும், படிவம் நிரப்பும் அளவுக்கு ஆங்கிலமும் வேண்டும். இவ்வளவு இருந்தால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சில மாதங்களில் நீங்கள் பதிவு பெற்ற வீட்டு எரிசக்தி மதிப்பீட்டாளர் ஆகலாம். ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் இருக்கும் நம் இளைஞர்கள் பலர் இதைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்வதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதலில் ஈபிசி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வீட்டைக் கதகதப்பாக வைத்திருக்கவும், வெந்நீர் போடவும், விளக்கெரிக்கவும் எவ்வளவு செலவாகும் என்பதைக் கணக்கிட்டு, ஏ முதல் ஜி வரை தரம் போட்டுத் தரும் சான்றிதழ் அது. 92 புள்ளியும் அதற்கு மேலும் ஏ. 69 முதல் 80 வரை சி. 55 முதல் 68 வரை டி. 20 புள்ளியும் அதற்குக் கீழும் ஜி. சான்றிதழ் பத்தாண்டு செல்லும். வீட்டை விற்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் இது வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து புதிய வாடகை ஒப்பந்தங்களுக்கும், 2020 ஏப்ரலிலிருந்து ஏற்கெனவே குடியிருப்பவர்களின் ஒப்பந்தங்களுக்கும் குறைந்தது இ தரம் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. முறையான விலக்குப் பதிவு இல்லாமல் எஃப், ஜி வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வீட்டுக்கு 5,000 பவுண்டு வரை அபராதம். ஆகவே நீங்கள் போடும் ஓர் எழுத்தால் ஒருவருடைய வாடகை வருமானம் நிற்கலாம். குளிரில் நடுங்கும் ஒரு குடும்பத்துக்கு நியாயமும் கிடைக்கலாம். இந்தப் பொறுப்பு புரியாதவர்கள் பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. "படித்து முடித்ததும் வாரம் இத்தனை வேலை நிச்சயம்" என்று விளம்பரம் செய்பவர்களை நம்பாதீர்கள். 2007-ல் இந்தச் சான்றிதழ் அறிமுகமானபோது ஜூன் 1-ம் தேதி தொடங்குவதாக இருந்தது. பிறகு ஆகஸ்ட் 1-க்குத் தள்ளிப்போனது. அப்போதும் நான்கு படுக்கையறை வீடுகளுக்கு மட்டும்தான் முதலில் வந்தது. கடன் வாங்கிப் பயிற்சி முடித்தவர்கள் வேலைக்காகக் காத்துக் கிடந்தார்கள். அரசு விதியை நம்பி நடக்கும் தொழிலில் தேதி மாறுவது சகஜம். கையில் இருக்கும் வேலையை விட்டுவிடாமல் பகுதி நேரமாகத் தொடங்குவதே நல்லது.

பயிற்சி

ஏற்கெனவே கட்டி முடித்த வீடுகளை மதிப்பிட, வீட்டு எரிசக்தி மதிப்பீட்டில் லெவல் 3 தகுதி வேண்டும். புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு வேறு தகுதி. அது வரைபடத்தைப் பார்த்துச் செய்யும், சாப் எனப்படும் முழுமையான கணக்கு. தொடக்கத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வகுப்பு பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாள் நடக்கும், நேரிலோ இணையத்திலோ. என்னைக் கேட்டால், ஒரு நாளாவது உண்மையான வீட்டுக்குள் அழைத்துப்போய் அளக்க வைக்கும் பயிற்சியைத் தேர்ந்தெடுங்கள், கட்டணம் கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை. சேர்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். தகுதிச் சான்றைத் தருவது முறைப்படி அங்கீகாரம் பெற்ற அமைப்பா? பாடம் 2025 ஜூனில் வந்த ஆர்டிசாப் 10 முறைப்படி நடக்கிறதா? வகுப்புக்குப் பிறகு நீங்கள் செய்யும் வீடுகளைத் திருத்தித் தருவது யார், திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் உண்டா?

இரண்டாவது கேள்வி முக்கியம். சாப் என்பது பிரிட்டன் அரசின் கணக்கு முறை. பழைய வீடுகளுக்கு அதன் சுருங்கிய வடிவம்தான் ஆர்டிசாப். முந்தைய பதிப்பில் ஜன்னல்களின் மொத்தப் பரப்பை மென்பொருளே ஊகித்துக்கொள்ளும். பத்தாம் பதிப்பில் ஒவ்வொரு ஜன்னலையும் தனித்தனியாக அளந்து, எந்தத் திசை பார்க்கிறது என்றும் குறிக்க வேண்டும். பழைய பாடத்தை நடத்துபவரிடம் படித்தால் முதல் வீட்டிலேயே தடுமாறுவீர்கள்.

வகுப்பு முடிந்ததும் சில வீடுகளை மதிப்பிட்டு, படங்களோடும் குறிப்புகளோடும் சமர்ப்பிக்க வேண்டும். ஒரே தெருவில் ஒரே மாதிரி வீடுகளாகப் பிடிக்காதீர்கள். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, ஒரு பழைய வரிசை வீடு, பின்னால் அறை நீட்டிக் கட்டிய வீடு, பரணை அறையாக மாற்றிய வீடு என்று கலந்து எடுங்கள். தப்பு செய்வதானால் திருத்துபவர் பக்கத்தில் இருக்கும் இந்தக் காலத்திலேயே செய்துவிடுங்கள்.

பதிவு

பலர் இடறும் இடம் இது. தகுதிச் சான்று கைக்கு வந்ததும் வேலை தொடங்கலாம் என்று நினைக்கிறார்கள். முடியாது. அரசு ஒப்புதல் பெற்ற ஓர் அங்கீகார அமைப்பில் உறுப்பினராகச் சேர வேண்டும். எல்ம்ஹர்ஸ்ட், குவிடோஸ் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. தகுதிச் சான்று, அடையாள ஆவணம், குற்றப் பின்னணி இல்லை என்று காட்டும் அடிப்படை டிபிஎஸ் சான்று, தொழில்முறைக் காப்பீடு இவை கேட்பார்கள். காப்பீட்டைத் தங்கள் கட்டணத்திலேயே சேர்த்துத் தரும் அமைப்பும் உண்டு, தனியாக எடுத்துவரச் சொல்வதும் உண்டு. ஆண்டுக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடாமல், ஒவ்வொரு சான்றிதழையும் பதிவேற்ற எவ்வளவு பிடிக்கிறார்கள், சந்தேகம் வந்தால் தொலைபேசியில் யாராவது எடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். முதல் ஆண்டில் அந்தத் தொலைபேசிதான் உங்களுக்கு ஆசான்.

சேர்ந்ததும் மதிப்பீட்டாளர் எண்ணும் புகைப்பட அடையாள அட்டையும் வரும். அவர்கள் மென்பொருள் வழியாகத்தான் சான்றிதழ் அரசின் பொதுப் பதிவேட்டுக்குப் போகும். ஒவ்வொரு சான்றிதழுக்கும் இருபது இலக்க எண் உண்டு. உங்கள் பெயர் அதில் இருக்கும், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். ஸ்காட்லாந்துக்குத் தனிப் பதிவேடு, தனி ஏற்பாடு. லண்டனில் பெற்ற பதிவை வைத்துக்கொண்டு கிளாஸ்கோவில் வேலை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டுக்குள்

பையில் இருக்க வேண்டியவை: லேசர் அளவுகோல், சாதாரண டேப், மடக்கு ஏணி, நல்ல டார்ச், டேப்லெட், கூடுதல் சார்ஜர், காலணிக்கு மேல் மாட்டும் உறை. மழை நாளில் அந்த உறை இல்லாமல் யார் வீட்டுக் கம்பளத்திலும் கால் வைக்காதீர்கள்.

வெளியே நின்றபடியே வேலையைத் தொடங்குங்கள். முதலில் சுவரைப் பாருங்கள். செங்கல்லின் நீளப்பக்கம் மட்டுமே வரிசை வரிசையாகத் தெரிந்தால் அநேகமாக நடுவில் இடைவெளி விட்டுக் கட்டிய இரட்டைச் சுவர். ஒரு நீளப்பக்கம், ஒரு முனைப்பக்கம் என்று மாறி மாறி வந்தால் இடைவெளி இல்லாத கெட்டிச் சுவர், வெப்பத்தை அதிகமாக வெளியே விடும். மேலே பூச்சு இருந்தால் கல் தெரியாது. அப்போது கதவு நிலையிலோ ஜன்னல் ஓரத்திலோ சுவரின் கனத்தை அளக்க வேண்டும். அந்த டேப்பையும் சேர்த்துப் படம் எடுங்கள்.

அடுத்தது வயது. 1900-க்கு முன், 1900 முதல் 1929, 1930 முதல் 1949 என்று காலப் பிரிவுகள் உண்டு. ஒவ்வொரு காலத்திலும் சுவரும் கூரையும் எப்படிக் கட்டினார்கள் என்பதை வைத்து மென்பொருள் கணக்குப் போடும். ஈஸ்ட் ஹாமில் ஒரு வரிசை வீடு 1910-ல் கட்டியதாக இருக்கும். பின்னால் சமையலறையை 2005-ல் நீட்டியிருப்பார்கள். இரண்டையும் ஒரே வீடாகப் போட்டுவிடக் கூடாது. முன்பகுதிக்கு ஒரு காலம், நீட்டிய பகுதிக்கு வேறு காலம், வேறு சுவர்.

இப்போது அளவு. புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான், கொஞ்சம் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் அண்டை வீடு ஒட்டிய ஒரு வரிசை வீடு. உள்ளளவில் அகலம் 4.5 மீட்டர், ஆழம் 9 மீட்டர். தளப் பரப்பு 40.5 சதுர மீட்டர். வெப்பம் வெளியேறும் சுவரின் நீளம் எவ்வளவு? முன்சுவர் 4.5, பின்சுவர் 4.5, மொத்தம் 9 மீட்டர். பக்கவாட்டுச் சுவர்கள் இரண்டும் சேர்த்து 18 மீட்டர். அவை அண்டை வீட்டோடு பொதுச் சுவர், தனிக் கட்டத்தில் போக வேண்டும். அவசரத்தில் நான்கு பக்கத்தையும் கூட்டி 27 என்று எழுதினால் வெப்பம் கசியும் சுவர் மூன்று மடங்காகிவிடும், வீடு ஓரிரு தரம் கீழே விழும். வீட்டுக்காரர் செய்யாத குற்றத்துக்கு அவர் தண்டனை அனுபவிப்பார். ஒவ்வொரு மாடிக்கும் இதைத் தனியாகச் செய்ய வேண்டும், அறை உயரத்தோடு.

பாய்லரின் பெயரையும் மாடல் எண்ணையும் படம் எடுத்து, மென்பொருளின் பட்டியலில் அதே மாடலைத் தேடிப் பிடியுங்கள். நேரம் வைக்கும் கருவி, அறை வெப்பக் கட்டுப்பாடு, ரேடியேட்டரில் இருக்கும் திருகு வால்வு, மின் மீட்டர், எரிவாயு மீட்டர், சிலிண்டர் இருந்தால் அதன் உறையின் கனம், விளக்குகளின் எண்ணிக்கையும் வகையும் என எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றுக்குப் பத்து வீடு போனால் கை தானாகப் பழகிவிடும்.

பரண் பழகாது. ஒவ்வொரு முறையும் ஏறித்தான் ஆக வேண்டும். கம்பளிபோல் விரித்திருக்கும் காப்புப் பொருளுக்குள் டேப்பைக் குத்தி நிறுத்தி, மில்லிமீட்டர் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். 100 இருக்கலாம், 270 இருக்கலாம். கண்ணால் பார்த்து "நிறைய இருக்கிறது" என்று எழுதுவது மதிப்பீடு ஆகாது.

என் முதல் ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வாடகை வீட்டில் பரண் மூடி பெயின்ட் அடித்து ஒட்டிப்போயிருந்தது. வீட்டுக்காரர் நல்ல மனிதர், தேநீர் கொடுத்தார். "தம்பி, உள்ளுக்க 270 போட்டிருக்கு, நானே நிண்டு போடுவிச்சனான். நீங்கள் எங்கட ஆள், சி எண்டு போட்டுத் தாங்கோவன்" என்றார். அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை, போட்டேன். சில வாரத்தில் அங்கீகார அமைப்பின் தணிக்கைக்கு அந்த வீடு தேர்வானது. பரண் படம் கேட்டார்கள். என்னிடம் இல்லை. ரசீதும் இல்லை. பார்க்க முடியாதது என்று மாற்றிப் போட்டதும் புள்ளி 70-லிருந்து 68-க்கு இறங்கி, தரம் டி ஆனது. பழைய சான்றிதழை நீக்கிப் புதிதாகப் பதிவேற்றினேன். அந்த மனிதர் அதன்பிறகு என் தொலைபேசியை எடுக்கவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. மூடி திறக்கவில்லை, ரசீது இருந்தால் தேடித் தாருங்கள், இல்லையென்றால் கட்டடத்தின் வயதுக்கு உரிய ஊகம்தான் விழும் என்று அன்றே சொல்லியிருந்தால் அவர் ரசீதைத் தேடியிருப்பார்.

அதனால்தான் இப்போது முன்பதிவின்போதே சொல்லிவிடுகிறேன்: பரண் மூடியைத் திறந்து வையுங்கள், சுவருக்குள் காப்பு நிரப்பிய உத்தரவாதச் சான்று, ஜன்னல் மாற்றிய சான்று, பாய்லர் ஆவணம் எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வையுங்கள். பார்த்ததும் ஆவணம் இருப்பதும் மட்டுமே கணக்கு. "எங்கட ஆள்" என்ற வார்த்தைக்கு நாம் செய்யக்கூடிய நேர்மையான உதவி இந்த முன்னறிவிப்புதான். உறவினர் வீடாக இருந்தாலோ, வீட்டை விற்கும் ஏஜென்டோடு தொடர்பு இருந்தாலோ அதைச் சான்றிதழிலேயே வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்குப் போகாமல் படத்தை வாங்கிச் சான்றிதழ் போடுவது விதிமீறல். கேட்பவர் யாராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

பதிவைக் காப்பாற்றிக்கொள்வது

அங்கீகார அமைப்பு உங்கள் சான்றிதழ்களில் சிலவற்றை எடுத்துப் படமும் குறிப்பும் கேட்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் முகவரியோடு தனிக் கோப்புறை வைத்து, அன்றே காப்பு நகல் எடுத்துவிடுங்கள். தொடர்ந்து தவறினால் பதிவு நிறுத்தப்படும். ஆண்டுக்குப் பத்து மணி நேரம் தொழிற்கல்வியும் கட்டாயம். கணக்கு விதிகளுக்கான பொது விளக்கத் தொகுப்பு ஒன்று அவ்வப்போது திருத்தி வெளியாகும், மதிப்பீட்டாளர்கள் அதைக் 'கன்வென்ஷன்ஸ்' என்பார்கள். அந்தப் பத்து மணியில் பாதியை அதற்கே கொடுங்கள்.

வருமானம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். வேலை பிடித்துத் தரும் பேனல் நிறுவனங்கள் குறைந்த கூலிதான் தரும், ஆனால் தொடக்கத்தில் கை பழக உதவும். உங்கள் பகுதியின் வாடகை ஏஜென்டுகளையும் வீட்டுக்காரர்களையும் நேரடியாகப் பிடித்தால்தான் கட்டுப்படியாகும். போகப் போக, பாஸ் 2035 என்ற தரநிலையின்படி பழைய வீடுகளைச் சீரமைக்கும் திட்டங்களில் மதிப்பீட்டாளராக மேல் பயிற்சி பெறலாம். அதற்கும் இந்த லெவல் 3 தான் வாசல்.

பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். அரசின் பொதுப் பதிவேட்டில் நீங்கள் குடியிருக்கும் வீட்டின் சான்றிதழைத் திறந்து வைத்துக்கொண்டு, டேப்பை எடுத்து வீட்டை அளந்து பாருங்கள். சுவர் என்ன என்று எழுதியிருக்கிறார்கள், பரணில் எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள், உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். மதியச் சாப்பாட்டை மறந்து அதில் மூழ்கிவிட்டீர்கள் என்றால், திங்கட்கிழமை பயிற்சி நிலையத்தைத் தொலைபேசியில் கூப்பிடலாம்.