யுத்த தாங்கி எஞ்சினின் விருத்தி: வி-2 முதல் வி-92எஸ்2 வரை

தாங்கி என்றதும் நமது மாவட்ட மாணவருக்குச் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளே முதலில் நினைவுக்கு வரும். இப்பாடத்தில் கூறப்படுவது இரும்புப் பட்டிகளின் மீது ஓடும் யுத்த தாங்கியாகும். 1939ஆம் ஆண்டில் 500 பரிவலு தந்த ஒரு டீசல் எஞ்சின், உருளையின் விட்டமும் அடிப்பு நீளமும் மாறாமலே பின்னர் 1000 பரிவலு தந்தது. இது எவ்வாறு இயன்றது என்பதை விளங்கிக்கொண்டால் டீசல் எஞ்சின் பற்றிய வினாக்களில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

தோற்றம்

1930களில் பெரும்பாலான யுத்த தாங்கிகள் பெற்றோலில் ஓடின. பெற்றோல் எளிதில் தீப்பற்றும். டீசலிலும் பார்க்கக் கூடுதலாகச் செலவாகும். எனவே சோவியத் ஒன்றியத்தின் கார்கிவ் நகரில் (இன்றைய உக்ரேன்) இருந்த புகையிரத எஞ்சின் தொழிற்சாலையில் வி-2 டீசல் எஞ்சின் உருவாக்கப்பட்டது. அப்பணிக்குத் தலைமை தாங்கிய கொன்ஸ்தந்தீன் செல்பான் 1937இல் ஸ்டாலின் ஆட்சியில் கைது செய்யப்பட்டு, 1938இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மறு வருடமே அவரது எஞ்சின் இராணுவ சேவைக்கு ஏற்கப்பட்டது. புகழ்பெற்ற டி-34 தாங்கியை இயக்கியது இதுவே.

அமைப்பு

60° கோணத்தில் அமைந்த இரு வரிசைகளில் 6 வீதம் 12 உருளைகள் உள்ளன. விட்டம் 150 மி.மீ. ஒரு வரிசையின் அடிப்பு 180 மி.மீ.; மற்றையதன் அடிப்பு 186.7 மி.மீ. (இது அச்சுப்பிழையன்று. இரண்டாம் வரிசையின் இணைப்புக் கோல்கள் சுழற்றித் தண்டில் நேரே பொருத்தப்படாமல் முதல் வரிசைக் கோல்களில் பொருத்தப்பட்டிருப்பதே காரணம்.)

கனவளவு = 6 × 22/7 × 7.5² × (18 + 18.67) க.செ.மீ.
≈ 38.9 இலீற்றர்

தூசு என்னும் எதிரி

1942இல் அமெரிக்காவின் அபர்டீன் பரீட்சைக் களத்தில் டி-34 தாங்கியொன்று பரிசோதிக்கப்பட்டது. வளிவடிகட்டி மிகத் தரக்குறைவாக இருந்ததால் உட்புகுந்த தூசு முசலங்களையும் உருளைகளையும் தேய்த்து, சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் எஞ்சின் பழுதடைந்தது. பிற்பாடு திருந்திய வடிகட்டிகள் பொருத்தப்பட்டன. கடற்கரை மணலில் லேண்ட்மாஸ்டர் ஓட்டுபவர் வளிவடிகட்டியை அடிக்கடி கழுவுவதும் இதே காரணத்தினாலாகும்.

வலு கூடிய வரலாறு

டி-54 தாங்கியின் வி-54 எஞ்சின் 520 பரிவலுவும், இலங்கை இராணுவமும் பயன்படுத்திய டி-55 தாங்கியின் வி-55 எஞ்சின் 580 பரிவலுவும் தந்தன. சுழற்சி வேகத்தையும் எரிபொருள் வழங்கலையும் உயர்த்தியே இவ்வளவும் பெறப்பட்டது. அதற்குமேல் இவ்வழி செல்லாது.

'எரிபொருளைக் கூட்டினால் வலு கூடும்' எனப் பலர் விடை எழுதுகின்றனர். இது முழுமையான விடையன்று. தகனத்துக்குப் போதிய ஒட்சிசன் இல்லாவிடில் மேலதிக டீசல் கரும்புகையாகவே வெளியேறும். ஆகவே அதே உருளைக்குள் கூடிய திணிவுடைய வளியைச் செலுத்த வேண்டும். டி-72இன் வி-46 எஞ்சினில் சுழற்றித் தண்டினால் பற்சில்லுகள் மூலம் இயக்கப்படும் அமுக்கி வளியை நெருக்கி அனுப்பியது. வலு 780 ஆயிற்று. அடுத்து வந்த வி-84, 840 பரிவலு தந்தது. ஆனால் அமுக்கியை இயக்க எஞ்சினின் சொந்த வலுவே செலவாகிறது. டி-90 தாங்கியின் வி-92எஸ்2 எஞ்சினிலோ வீணாக வெளியேறும் புகை வாயு சுழலியைச் சுற்ற, சுழலி அமுக்கியைச் சுற்றுகிறது. இதுவே டர்போ ஏற்றி, வலு 1000.

ஓர் இலீற்றருக்குரிய வலு:
வி-2: 500 ÷ 38.9 ≈ 12.9 பரிவலு
வி-92எஸ்2: 1000 ÷ 38.9 ≈ 25.7 பரிவலு

கார்கிவில் பிறந்த இக்குடும்பத்தின் எஞ்சின்கள் சென்னைக்கு அருகே ஆவடி எஞ்சின் தொழிற்சாலையிலும் செய்யப்படுகின்றன. முற்றாக உள்நாட்டுப் பாகங்களால் ஆன வி-46-6, வி-92எஸ்2 எஞ்சின்கள் 2018இல் அங்கு கையளிக்கப்பட்டன.

பயிற்சி

1. டி-55 இன் திணிவு 36 தொன். டி-90எஸ் இன் திணிவு 46.5 தொன். ஒரு தொன்னுக்குரிய பரிவலுவை இரண்டுக்கும் கணிக்க.
2. பற்சில்லால் இயங்கும் அமுக்கியிலும் பார்க்க டர்போ ஏற்றி சிக்கனமானது. ஏன்?
3. வளிவடிகட்டி அடைபட்ட டீசல் எஞ்சின் கரும்புகை கக்குவதற்குக் காரணம் தருக.